மாத்திரை தந்த நடுக்கம்

அறுபதைத் தாண்டிய ஒருவருக்குக் கை நடுங்குகிறது. நடை சுருங்கி, கால் தரையை உரசுகிறது. முகத்தில் சிரிப்பே எழவில்லை. பார்க்கின்சன் நோயோ என்று பயந்து வீட்டார் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப்போகிறார்கள். “என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்கிறார் அவர். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சாப்பிடுவதைச் சொல்கிறார்கள். பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி விழுங்கும் ‘கேஸ் மாத்திரை’ யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

நம் அசைவுகளைச் சீராக வைத்திருப்பதில் மூளையிலுள்ள டோபமினுக்குப் பெரும் பங்கு உண்டு. 1950களில் ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன், ரெசர்பின் கொடுத்த முயல்கள் அசைவற்றுச் சுருண்டதையும், உடலில் டோபமினாக மாறும் எல்-டோபாவைச் செலுத்தியதும் அவை எழுந்து நடமாடியதையும் கண்டார். ரெசர்பின், நம் நாட்டு மூலிகையான சர்ப்பகந்தாவின் வேரிலிருந்து பிரிக்கப்பட்ட மருந்து. டோபமினின் வேலையை உலகுக்குக் காட்டிய கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது.

பார்க்கின்சன் நோயில் டோபமினைச் சுரக்கும் செல்கள் அழிகின்றன. மருந்தால் வரும் நடுக்கத்தில் பொதுவாகச் செல்களுக்குக் கேடில்லை. டோபமின் அமர வேண்டிய ஏற்பிகளில் மருந்து முந்திக்கொண்டு அமர்ந்துவிடுகிறது. ஏறத்தாழ 80 சதவீதத்துக்கு மேல் அடைபட்டால் விறைப்பும் நடுக்கமும் தலைகாட்டும். ஹாலோபெரிடால் போன்ற மனநல மருந்துகள் இதற்குப் பேர்போனவை. ‘கேஸ் மாத்திரை’ சிலவற்றில் அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு ஒரே கேப்சூலில் வரும் லெவோசல்பிரைடு, வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்கான சின்னரிசின் ஆகியவையும் இதைச் செய்யும்.

பாதிப்பு பல வடிவங்களில் வரும். வாந்தி மருந்து கொடுத்த ஓரிரு நாளில் சிறுவர்களுக்குக் கழுத்து திருகி, கண்கள் மேலே செருகலாம். வலிப்பு என்று பெற்றோர் பதறுவார்கள். உரிய ஊசி போட்டால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். சிலருக்கு ஓரிடத்தில் உட்காரவே முடியாத தவிப்பு. மாதங்கள், ஆண்டுகள் கழித்து வாய் அசைபோடுவதும் நாக்கு துருத்துவதும் மருந்தை நிறுத்தினாலும் நீடிக்கலாம். இதற்கான வால்பெனசின் என்ற மருந்து 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கடும் காய்ச்சலோடு உடல் விறைத்து நினைவு குழம்பினால், அது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை.

இருபக்கமும் ஒரே அளவில் நடுங்கினால் மருந்தின் மேல் சந்தேகம் கூடும். பார்க்கின்சன் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும். மருந்தை விட்ட சில வாரங்களிலோ மாதங்களிலோ பலர் தேறிவிடுகிறார்கள். தேறாதவர்களுக்கு, உள்ளே பதுங்கியிருந்த பார்க்கின்சனை மருந்து வெளிக்கொண்டு வந்திருக்கலாம். ‘ட்ரோடாட்’ எனும் மூளை ஸ்கேன் அதைப் பிரித்தறிய உதவும். ஆனால், மனநல மருந்துகளைத் தாமாக நிறுத்தக் கூடாது. பழைய நோய் திரும்பலாம். அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கேஸ் மாத்திரையை மறக்காமல்.