ஒரே முகத்தில் எண்ணெயும் வறட்சியும்

சித்திரை வெயிலில் செஞ்சி ராஜகிரிக் கோட்டை ஏறி இறங்குகிறவர்களின் முகத்தைக் கவனியுங்கள். நெற்றியும் மூக்கும் பிசுபிசுவென்று மின்னும். கன்னத்திலோ வியர்வை காய்ந்து உப்புப் பூத்திருக்கும். சிரித்தால் தோல் இழுக்கும். மேலே வெயில், கீழே கருங்கல் பாறையின் அனல். ‘காம்பினேஷன் ஸ்கின்’ என்று அழகுசாதனக் கடைகளில் சொல்வது இதைத்தான். இது நோயல்ல, பெரும்பாலோர் முகம் கொஞ்சம் இப்படித்தான்.

உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பி ஒன்றுகூடக் கிடையாது. முகத்திலோ ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 வரை இருக்கும். நெற்றி, மூக்கு, மோவாய் ஆகிய இடங்களில் நெருக்கம் அதிகம். இவற்றை முடுக்குபவை ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள். அதனால்தான் பதின்வயதில் முகம் வழிகிறது. வெயிலும் சேர்ந்துகொள்கிறது: தோலின் வெப்பம் 1 டிகிரி கூடினால் எண்ணெய் வெளிவரும் வேகம் சுமார் 10 சதவீதம் கூடும்.

மூக்கு மின்னுகிறதே என்று முகம் முழுக்க சோப்பைத் தேய்க்கிறோம். தண்டனை கன்னத்துக்கு! தோலின் இயல்பான பி.எச். 5-ஐ ஒட்டியது, குளியல் சோப்புக்கு 9, 10. கன்னத்துத் தோலில் நீரைப் பிடித்துவைக்கும் கொழுப்பை அது அரித்துவிடும். மூக்கிலோ சில மணி நேரத்தில் எண்ணெய் திரும்பிவிடும். சுரப்பி ஹார்மோன் பேச்சைத்தான் கேட்கும், சோப்பு பேச்சை அல்ல.

காலையும் இரவும் மென்மையான ஃபேஸ்வாஷ் போதும். ஈரம் காயும் முன்பே கன்னத்தில் மாய்ஸ்சரைசர் தாராளமாக, மூக்கில் பெயருக்கு. கோட்டை ஏறுவதென்றால் எஸ்.பி.எஃப். 30 ஜெல் சன்ஸ்கிரீனும் தொப்பியும். பயத்தமாவு பூசலாம்; காய்ந்து இறுகும்வரை விடவேண்டாம், கன்னத்தில் பரபரவென்று தேய்க்கவும் வேண்டாம். எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் போனால் தோல் வெந்து கருத்துப்போகும். மூக்கின் மேல் வரிசையாகத் தெரியும் சாம்பல் புள்ளிகள் பெரும்பாலும் அழுக்கல்ல, துவாரத்தில் நிற்கும் எண்ணெய் இழைகள். பிதுக்கினாலும் சில வாரங்களில் நிறைந்துவிடும். கண்ணாடி முன்னால் நகத்தோடு போராடுவது வீண் வேலை.

எனக்குக் கவலை தருவது மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ‘வெளுப்பு’ கிரீம்கள்தான். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று உத்தரவிட்டது. முதல் வாரம் முகம் பளிச்சிடும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பருவும் ரோமமும் கிளம்பும். பூசி வந்தவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்தினாலும் எரிச்சல் பொங்கும். அவர்கள் தோல் மருத்துவரிடம் போவதே நல்லது. செஞ்சிக்காரர்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போகும்போது அந்த டியூபையும் கையோடு எடுத்துப் போங்கள்.