கத்திரி வெயிலில் ஒரு ஹார்ட் டிஸ்க்
பட்டறைக் கணினி – 9

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் அம்பத்தூர் எஸ்டேட்டில் மதியம் இரண்டு மணிக்குப் பட்டறைக்குள் நிற்பதே பெரும்பாடு. மெரினாவில் முற்பகலிலேயே கடற்காற்று வீசினாலும், அது பாடியைத் தாண்டி அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வந்து சேர நேரமாகும். மேற்குக் காற்று பலத்துவிட்ட நாளில் வராமலே போகும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. அவ்வளவு வேண்டாம், 39 டிகிரி அடிக்கிற சாதாரண மே மாத மதியத்திலேயே ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கும் ஆபீஸ் அறை கொதிக்கும். அந்த அறையின் மூலையில், மர கம்ப்யூட்டர் டேபிளின் கதவு போட்ட அறைக்குள், சி.பி.யு. ஓடிக்கொண்டிருக்கும். ஜாப் ஒர்க் டிராயிங்குகள், சி.என்.சி. புரோகிராம்கள், டேலி கணக்கு எல்லாம் அதற்குள் இருக்கும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில்தான்.

நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஒரு டிஸ்க், வேலை செய்யும்போது ஏழெட்டு வாட் மின்சாரம் எடுக்கும். வீட்டு எல்.இ.டி. பல்பு அளவுதான். ஆனால் எடுத்த மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளியே வர வேண்டும். பிராசஸருக்குத் தனியாக ஃபேன் உண்டு, எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் உண்டு. டிஸ்க்குக்குக் கிடையாது. அதன் அலுமினிய உடம்பிலிருந்து கொஞ்சம் வெப்பம் ஸ்க்ரூ வழியாக இரும்புச் சட்டத்துக்கு இறங்கும். மீதியை, உரசிக்கொண்டு போகும் காற்றுதான் எடுத்துப் போக வேண்டும். காற்று நின்றுவிட்ட கேபினெட்டில் டிஸ்க்கின் வெப்பம் அறை வெப்பத்தைவிட 15 டிகிரி கூடுவது சாதாரணம். அறை 38 என்றால் டிஸ்க் 53. இரண்டு டிஸ்க்குகளை இடைவெளி இல்லாமல் அடுக்கியிருந்தால் இன்னும் மேலே. வீட்டு உபயோக டிஸ்க்குகள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர்கள் குறிக்கும் உச்ச வரம்பு 60 டிகிரி.

அப்படியானால் எவ்வளவு குளிர்விக்கிறோமோ அவ்வளவு நல்லதா? வெகுகாலம் அப்படித்தான் நம்பினார்கள். 2007இல் கூகுளைச் சேர்ந்த பின்ஹெய்ரோ, வெபர், பரோசோ மூவரும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கண்காணித்து எழுதிய ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. மிதமான சூட்டில் ஓடிய டிஸ்க்குகளைவிட, அதிகக் குளிர்ச்சியில் ஓடியவைதான் கூடுதலாகப் பழுதாகியிருந்தன. சூடு தெளிவாகத் தீங்கு செய்தது உச்ச வெப்பத்திலும், மூன்று வயதைத் தாண்டிய டிஸ்க்குகளிலும்தான். பின்னர் மைக்ரோசாஃப்டின் டேட்டா சென்டர்களில் நடந்த ஆய்வு, வெப்பத்துக்கும் பழுதுக்கும் வலுவான தொடர்பு உண்டு என்றது. இரண்டும் முரண்படுவதுபோல் தோன்றும். நம் ஊர்ப் பட்டறைக்கு இரண்டிலிருந்தும் வருவது ஒரே எச்சரிக்கைதான் என்பது என் கருத்து. இங்கே இருப்பது வயதான டிஸ்க். அதுவும் 50 டிகிரியைத் தாண்டி ஓடும் டிஸ்க். கூகுள் ஆய்விலும் அடிபட்ட இனம் அதுவே.

இதே எஸ்டேட்டில் இன்னொரு விதமான வாழ்க்கையும் டிஸ்க்குகளுக்கு உண்டு. 1960களில் லேத்துக்கும் மில்லிங்குக்குமாக உருவான பேட்டையில் இன்று டேட்டா சென்டர்கள் எழுந்திருக்கின்றன. ரிலையன்ஸ், புரூக்ஃபீல்டு, டிஜிட்டல் ரியால்டி சேர்ந்த கூட்டு நிறுவனம் 2024 ஜனவரியில் 20 மெகாவாட் திறனோடு ஒன்றைத் திறந்தது. அத்தகைய கூடங்களுக்குக் குளிர்சாதனப் பொறியாளர்களின் ஆஷ்ரே அமைப்பு பரிந்துரைக்கும் காற்றின் வெப்பம் 18 முதல் 27 டிகிரி. ஆனால் ஏ.சி. மட்டும் அங்கே காரியத்தை முடிப்பதில்லை. ரேக்கின் முன்பக்கம் குளிர்ந்த காற்று நுழைந்து, டிஸ்க் வரிசையைக் கடந்து, பின்பக்கம் சூடாக வெளியேறும். போகிற காற்றும் வருகிற காற்றும் கலக்காமல் தடுப்பு வைக்கிறார்கள். ஏ.சி.யை நாம் விட்டுவிடலாம். அந்தக் காற்றுப் பாதையை ஒரு பட்டறையும் அமைத்துக்கொள்ள முடியும்.

முதலில் சி.பி.யு.வை மர அறையை விட்டு வெளியே எடுங்கள். கதவுக்குப் பின்னால் அது தான் விட்ட சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறது. பிறகு கேபினெட்டின் முன்பக்கத்தைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான கேபினெட்டுகளில் டிஸ்க் கூண்டுக்கு நேர் முன்னால் 120 மில்லிமீட்டர் ஃபேனுக்கான இடம் இருக்கும். விலை குறைந்தவற்றில் அது காலியாகவே கிடக்கும். ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு ஃபேன் கிடைக்கும். மாட்டும்போது திசை முக்கியம்: குறுக்குச் சட்டம் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம், அது டிஸ்க்கைப் பார்த்து இருக்க வேண்டும். பின்னால் ஒரு ஃபேன் சூட்டை வெளியே தள்ளட்டும். டிஸ்க் இரண்டு என்றால் நடுவே ஒரு தட்டைக் காலியாக விடுங்கள்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பிவைக்கும் வழக்கம் நம் பக்கம் பரவலாக இருக்கிறது. சூடு குறையும், மறுக்கவில்லை. ஆனால் லேத் ஓடும் இடத்தில் அதை ஒருபோதும் செய்யாதீர்கள். டிஸ்க்கின் உள்பகுதி வடிகட்டி வைத்த சிறு துளை தவிர முழுக்க மூடியது, தூசு அதற்குள் போகாது. அடியில் இருக்கும் சர்க்யூட் போர்டும் மதர்போர்டும் அப்படியல்ல. மின்சாரம் கடத்தும் உலோகத் துகள் அவற்றின் மேல் படிந்தால் ஷார்ட் ஆகும். பல்லியும் எலியும் வேறு. தகட்டை மூடிவைத்து, முன் வலையை மாதம் ஒருமுறை புளோயரால் ஊதினால் போதும்.

சூட்டை அளக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். டிஸ்க் தன் வெப்பத்தைத் தானே குறித்துவைக்கிறது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைக் காட்டும். மதியம் மூன்று மணிக்குப் பாருங்கள், காலையில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 45க்குள் என்றால் கவலையில்லை. 50ஐத் தொட்டால் அந்த வாரமே ஃபேன் மாட்டுங்கள்.

அதே திரையில் பழுதான செக்டார்களின் எண்ணிக்கையும் வரும். அது பூஜ்யமாக இருந்தாலும் நம்பி உட்கார வேண்டாம். கூகுள் ஆய்வில் செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. ஃபேன் மாட்டினாலும் டிராயிங்குகளுக்கும் டேலிக்கும் இன்னொரு பிரதி வேண்டும், அது வேறு டிஸ்க்கில், முடிந்தால் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும்.

டிஸ்க் ஏற்கெனவே திணறத் தொடங்கியிருந்தால்? சிலர் அதைப் பாலிதீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துப் பார்க்கிறார்கள். மே மாதக் காற்றின் ஈரத்தில், வெளியே எடுத்த மறுநிமிடமே போர்டில் நீர் கோத்துக்கொள்ளும். டிஸ்க்கின் வடிகட்டித் துளை வழியே ஈரம் உள்ளேயும் போகும். மீட்கக் கூடியதும் அப்போது போய்விடும். டிஸ்க்கைக் கழற்றி, உலோகத் தூள் இல்லாத ஓர் அறைக்குக் கொண்டுபோய், வேறு கணினியில் இணைத்து, டேபிள் ஃபேனை அதற்கு நேராக ஓடவிட்டு, மிக அவசியமான ஃபைல்களை முதலில் நகல் எடுங்கள். டேலி ஃபோல்டர், பிறகு டிராயிங், பிறகு மற்றவை. உள்ளிருந்து டக்-டக் என்று தட்டும் சத்தம் கேட்டால் உடனே கரண்ட்டை நிறுத்திவிட்டு டேட்டா ரெகவரி செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

(தொடரும்)