முள்ளும் திரையும்: கலப்பினத் திறன்கடிகாரங்களின் வடிவமைப்புச் சமரசங்கள்

ஆய்வுச் சுருக்கம்

சுழலும் முட்களையும் மின்னணுத் திரையையும் ஒரே முகப்பில் இணைப்பது கலப்பினத் திறன்கடிகாரம். இவ்விணைப்பு ஒளி, ஆற்றல், இயக்கம், பழுதுநீக்கம் ஆகிய நான்கு நிலைகளில் வடிவமைப்பாளரைச் சமரசத்துக்கு உட்படுத்துகிறது. தமிழ்நாட்டில் வேரூன்றிய டைட்டன் நிறுவனத்தின் கடிகாரங்களையும் பிறநாட்டுக் கடிகாரங்களையும் சான்றாகக் கொண்டு இச்சமரசங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கலப்பினத் திறன்கடிகாரம், குவார்ட்ஸ், படிநிலை மோட்டார், தொடுதிரை, டைட்டன், கொங்கு நாடு.

முன்னுரை

கோயம்புத்தூரின் தொழில் வரலாறு பெரிதும் மோட்டாரின் வரலாறு. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இந்நகரில் மின்மோட்டார் உருவாக்கிய காலந்தொட்டு, கிணற்று நீரை இறைக்கும் பம்புசெட்டும் மாவரைக்கும் கிரைண்டரும் கொங்கு நாட்டின் அடையாளங்களாயின. கைக்கடிகாரத்தின் முள்ளைச் சுழற்றுவதும் மோட்டாரே; அளவில்தான் அது அரிசிமணியை ஒத்தது. டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் தன் முதன்மைத் தொழிற்சாலையை அமைத்தது. கோயம்புத்தூரிலும் அதற்கு உற்பத்திக்கூடம் உண்டு. ஆகவே முள்ளும் திரையும் எதிர்கொள்ளும் சிக்கல், இம்மண்ணின் பொறியியலுக்கு அயலான பொருளன்று.

மூவகை அமைப்பு

கலப்பினக் கடிகாரங்களை மூன்றாகப் பகுக்கலாம். முதல்வகையில் திரையே இல்லை. 2014-இல் அறிமுகமான விதிங்ஸ் ஆக்டிவிடே, நடந்த அளவைத் துணைமுகப்பின் சிறுமுள்ளால் காட்டியது. இரண்டாம் வகையில் முகப்பின் ஒரு பகுதியில் மட்டும் சிறுதிரை இடம்பெறும். ஹெச்பி நிறுவனத்தின் துணையோடு டைட்டன் 2016-இல் வெளியிட்ட ஜக்ஸ்ட் இவ்வகையினது. மூன்றாம் வகையில் முகப்பு முழுவதும் திரை. அதன்மேல் முட்கள் சுழலும். 2018-இல் வந்த எல்ஜி வாட்ச் டபிள்யூ7, 2020-இல் 1.2 அங்குல வண்ணத் தொடுதிரையுடன் வந்த டைட்டன் கனெக்டட் எக்ஸ் ஆகியன இதற்குச் சான்றுகள். திரையின் பரப்புக் கூடக்கூடச் சமரசங்களும் கூடுகின்றன.

ஒளிநிலைச் சமரசம்

வழக்கமான திறன்கடிகாரத்தில் மேற்கண்ணாடியும் திரையும் இடைவெளியின்றி ஒட்டப்படுகின்றன. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பும், பூச்சு இல்லாதபோது, ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியைத் திருப்பியனுப்பும். ஒட்டிய அமைப்பில் இத்தகைய பரப்பு ஒன்றே. முட்கள் சுழல இடம் விட்டால் கண்ணாடியின் மேற்பரப்பு, அடிப்பரப்பு, திரையின் மேற்பரப்பு என மூன்று பரப்புகள் உருவாகின்றன. திரும்பும் ஒளி ஏறத்தாழ மும்மடங்காகிறது. சித்திரை வெயிலில் திரை மங்கித் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். தொடுவுணரி மேற்கண்ணாடியில் அமைந்தால், விரல் படும் இடத்துக்கும் எழுத்து தோன்றும் இடத்துக்கும் இடையே ஆழ வேறுபாடு உண்டாகும். சாய்ந்து பார்ப்பவருக்கு இலக்கு தவறும்.

முட்களின் அச்சு திரையின் நடுவே ஊடுருவிச் செல்வது மற்றொரு இடர். திரையின் புள்ளிகளை இயக்கும் நுண்கம்பிகள் நிரைநிரையாக ஓடுவன. மையத்தில் துளை அமைந்தால் அவை அதனைச் சுற்றி வளைந்து செல்ல வேண்டும்; திரையின் நடுவில் படம் தோன்றாத வட்டம் ஒன்று எஞ்சும்.

இயக்கநிலைச் சமரசம்

குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இவ்வெண்ணை 15 முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். அத்துடிப்புக்கு ஒருமுறை படிநிலை மோட்டார் அரைச்சுற்றுச் சுழல, பற்சக்கரங்கள் அவ்வசைவை மணி, நிமிட முட்களுக்குப் பகிர்கின்றன. மரபான குவார்ட்ஸ் கடிகாரத்துக்கு இத்தகைய மோட்டார் ஒன்றே போதும்.

கலப்பினத்தில் இது போதாது. செய்தியைப் படிக்கும்போது முட்கள் எழுத்தை மறைக்கும். அதனைத் தவிர்க்க முட்களைக் கிடைமட்டமாக ஒதுக்கும் முறை கையாளப்படுகிறது. மணி 6 எனக் கொள்வோம். ஒரே மோட்டாரால் இரு முட்களும் பிணைக்கப்பட்டிருந்தால், அவை கிடைமட்டத்தை நெருங்க 8:45 வரை நகரவேண்டும். அதாவது நிமிட முள் 2¾ சுற்றுச் சுற்றவேண்டும். தனித்தனி மோட்டார்கள் இருந்தால் எம்முள்ளும் கால்சுற்றுக்கு மேல் நகர வேண்டியதில்லை. எனவே மோட்டார்களின் எண்ணிக்கை பெருகுகிறது. அதற்கேற்ப இடமும் தடிமனும் பெருகுகின்றன. 2002-இல் டைட்டன் வெளியிட்ட எட்ஜ் கடிகாரத்தின் இயக்கப்பொறி 1.15 மில்லிமீட்டர் தடிமனே உடையது, முழுக்கடிகாரமும் 3.5 மில்லிமீட்டர். மெலிவில் அத்தகைய சாதனை படைத்த ஒரு மரபு, திரையை ஏற்கும்போது அம்மெலிவை விட்டுக்கொடுக்க நேர்கிறது.

முள் எங்கே நிற்கிறது என்பதை மோட்டார் அறியாது என்பதும் கருதத்தக்கது. மின்சுற்று தான் அனுப்பிய துடிப்புகளை மட்டுமே எண்ணுகிறது. அதிர்ச்சியாலோ வலிய காந்தத்தாலோ ஒரு படி தவறினால், எண்ணிக்கையும் முள்ளும் பிரிந்துவிடும். பற்சக்கரத் துளையின் வழியே ஒளியைச் செலுத்தி நிலையைச் சரிபார்க்கும் முறையைக் காசியோ கையாள்கிறது. அதற்குக் கூடுதல் உறுப்புகள் தேவை. அவை இல்லாதபோது, பயனரே செயலியின் துணையால் முட்களை நேர்செய்ய வேண்டியுள்ளது.

ஆற்றல்நிலைச் சமரசம்

எல்ஜி வாட்ச் டபிள்யூ7-இன் மின்கலம் 240 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையது. முள்மட்டும் இயங்கும் நிலையில் 100 நாள் வரையிலும், திறன்செயல்களுடன் ஏறத்தாழ 2 நாளும் அது நிலைக்கும் என அறிவிக்கப்பட்டது. இவ்வெண்களிலிருந்து சராசரி மின்னோட்டத்தைக் கணிக்கலாம்: முதல் நிலையில் 0.1 மில்லி ஆம்பியர். இரண்டாவதில் 5 மில்லி ஆம்பியர். வேறுபாடு 50 மடங்கு. முள் உண்பது சிறிது. திரையும் செயலியும் உண்பதே பெரிது. அக்கடிகாரத்தில் இதயத்துடிப்பு உணரி, ஜி.பி.எஸ். இரண்டும் இடம்பெறவில்லை. 2019-இல் வந்த ஃபாசில் ஹைப்ரிட் எச்.ஆர். மின்தாள் திரையைத் தேர்ந்தது. படம் மாறும்போது மட்டுமே மின்தாளுக்குப் பெரும்பாலும் ஆற்றல் வேண்டும். புறவொளியைக் கொண்டே அது தெரிவதால் வெயிலும் அதற்குத் துணையாகிறது. வண்ணத்தையும் விரைவையும் துறந்து இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட ஆயுளை அது பெற்றது.

பழுதுநீக்கமும் நீடிப்பும்

மரபான குவார்ட்ஸ் கடிகாரத்தை எந்தச் சிற்றூர்க் கடைவீதியிலும் பழுதுநீக்குவோர் திறந்து மின்கலம் மாற்றித் தரமுடியும். கலப்பினத்தில் ஒட்டப்பட்ட திரையும் மீள்மின்னேற்றக் கலமும் அக்கைத்திறனுக்கு அப்பாற்பட்டவை. இதனினும் ஆழமான இடர், முட்களைத் திருத்தும் உரிமை செயலியிடம் மட்டுமே இருக்கும் வடிவமைப்பில் உள்ளது. அச்செயலியின் ஆதரவு நின்றுபோனால் மோட்டாரும் பற்சக்கரமும் பழுதின்றி இருந்தும் கடிகாரம் பிழையான நேரத்தையே காட்டும். திருகியைச் சுழற்றி முள்ளை நேரடியாகத் திருத்தும் வாய்ப்பு இருப்பின், திறன் மறைந்த பின்னும் கடிகாரம் கடிகாரமாகவே நீடிக்கும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முட்களுக்கென விடப்படும் சிறு இடைவெளியே ஒளி, தொடுகை, தடிமன் ஆகிய இடர்களின் பொதுவான தோற்றுவாய். ஆற்றலைப் பொறுத்தவரை, முள்ளைச் சேர்ப்பது சுமையன்று. திரையைத் தேர்வதே ஆயுளை முடிவுசெய்கிறது. மின்கலமோ செயலியோ கைவிடும்போது எது எஞ்சுகிறது என்பதே இவ்வகைக் கடிகாரங்களை மதிப்பிடுவதற்குரிய உறுதியான அளவுகோல். தலைமுறைகளாக மோட்டாரைப் பிரித்துச் சுருள் கட்டிப் பயன்பாட்டுக்கு மீட்டுவரும் கொங்கு நாட்டுப் பட்டறை மரபு, பழுதுநீக்கத்தக்கதையே நல்ல பொறியாகக் கருதுகிறது. மணிக்கட்டில் சுழலும் நுண்மோட்டாருக்கும் அவ்வளவுகோல் பொருந்தும்.