மீசையில் மண் ஒட்டட்டுமே!

நேரலையில் ஒருமுறை, நலமாக இருக்கும் பாடகர் ஒருவரை 'மறைந்த பாடகர்' என்று சொல்லிவிட்டேன். உடனே ஒரு நேயர் அழைத்தார்: "தம்பி, அவர் உயிரோடுதான் இருக்கிறார்!" 'குறிப்பில் அப்படித்தான் இருந்தது' என்று சமாளிக்க வாய் வரை வந்துவிட்டது.

அப்போது நினைவுக்கு வந்தது, 'குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை' என்ற பழமொழி. அது மல்யுத்தக் களத்துக் காட்சி. தோற்று விழுந்தவன் 'மண்ணைக் கவ்வினான்' என்போம். மீசையோ வீரத்தின் அடையாளம். விழுந்ததை ஊரே பார்த்த பிறகும், மீசை மட்டும் சுத்தம் என்கிறான் அவன். ஊர் சிரிப்பது அவன் விழுந்ததற்காக அல்ல, அந்தப் பேச்சுக்காக.

"தவறு என்னுடையதுதான், மன்னித்துவிடுங்கள்" என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் அதே நேயர் மீண்டும் அழைத்தார். அந்தப் பாடகரின் பாட்டைத்தான் கேட்டார்!