கொடைக்கானலில் துப்பாக்கிச் சுடுதல் கோச் ஆகலாமா? வேலையை விடும் முன் ஒரு கணக்கு



கொடைக்கானல் ஏரியைச் சுத்தி நடந்திருந்தீங்கன்னா பலூன் சுடுற கடையைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. பத்து ரவுண்டு சுட்டு, ஏழு பலூன் உடைச்சதும் நமக்குள்ள ஒரு ஒலிம்பிக் வீரர் எட்டிப் பார்ப்பார். அடுத்த வளைவுல சோளம் வாங்கும்போது அவர் காணாமப் போயிடுவார். அதோட விட்டா பிரச்சினை இல்லை.

நம்ம சேனல் பார்க்கிற ஒரு தம்பிக்கு அவர் காணாமப் போகலை. வயசு 27, சொந்த ஊர் வத்தலக்குண்டு, பெங்களூர்ல ஐ.டி. வேலை, கைக்கு மாசம் 50,000 ரூபாய் வருது. "அண்ணா, வேலையை விட்டுட்டு சர்டிஃபைடு ஃபயர்ஆர்ம்ஸ் இன்ஸ்ட்ரக்டர் ஆகப் போறேன். ஆன்லைன்ல அமெரிக்க கோர்ஸ் இருக்கு. பி.எஃப். பணத்தை எடுத்து பெருமாள்மலை பக்கம் ஒரு ரேஞ்ச் போடலாமா?"ன்னு மெயில் அனுப்பியிருந்தார்.

ஆசையில தப்பே இல்லை. ஆனா அந்த ரெண்டு வரியில நாலு தப்புக் கணக்கு இருக்கு. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

1. அமெரிக்க சான்றிதழ் இங்கே செல்லாது

அமெரிக்காவுல என்.ஆர்.ஏ.ன்னு ஒரு அமைப்பு இருக்கு. 1871-ல ஆரம்பிச்சது. அவங்க சான்றிதழ் வாங்கினவங்க, தற்காப்புக்குத் துப்பாக்கி வாங்குற பொதுமக்களுக்கு வகுப்பு எடுத்துச் சம்பாதிக்கிறாங்க. அங்கே கோடிக்கணக்கான வீடுகள்ல துப்பாக்கி இருக்கு, அதனால அந்தத் தொழிலும் இருக்கு.

நம்ம ஊர்ல இருக்கிறது என்.ஆர்.ஏ.ஐ. கடைசியில ஒரு எழுத்துதான் கூடுதல், ஆனா ரெண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. இது 1951-ல தொடங்கின இந்திய தேசிய ரைஃபிள் சங்கம், துப்பாக்கிச் சுடுதலை ஒரு விளையாட்டா நடத்துற அமைப்பு. இந்தியாவுல 1959 ஆயுதச் சட்டப்படி, காரணம் காட்டி, போலீஸ் விசாரணை முடிஞ்சாதான் லைசென்ஸ் கிடைக்கும். 2016 ஆயுத விதிகள்படி லைசென்ஸ் கேட்கிறவங்க பாதுகாப்புப் பயிற்சி முடிச்சு, எஸ்-1 படிவத்துல சான்றிதழ் காட்டணும். அந்தப் பயிற்சியைக் கொடுக்க அரசு அங்கீகாரம் வேணும். டாலர்ல பணம் கட்டி பி.டி.எஃப். வாங்கினவர் அந்தக் கணக்குல வரமாட்டார்.

அப்போ இங்கே உண்மையான தொழில் எது? ஸ்போர்ட்ஸ் ஷூட்டிங் கோச். அதுக்கு வரிசை இப்படி:

- முதல்ல என்.ஆர்.ஏ.ஐ.யோட இணைஞ்ச ஒரு கிளப்ல சேர்ந்து நீங்களே சுடக் கத்துக்கணும். தென் தமிழ்நாட்டுக்காரங்களுக்கு மதுரை ரைஃபிள் கிளப், மேற்கே கோயம்புத்தூர் ரைஃபிள் கிளப்.
- தமிழ்நாடு ஷூட்டிங் சங்கம் நடத்துற மாநிலப் போட்டி, அப்புறம் மண்டலப் போட்டி, முடிஞ்சா தேசியப் போட்டி. கோச்சா நிற்கும்போது இந்த ஸ்கோர்தான் உங்க பயோடேட்டா.
- அதுக்குப் பிறகு கோச்சிங் படிப்பு. சர்வதேச சம்மேளனமான ஐ.எஸ்.எஸ்.எஃப்.ல டி, சி, பி, ஏன்னு நாலு படி. ஆரம்பம் டி.

பலூன் கடைக்கும் இதுக்கும் என்ன தூரம்னு பாருங்க. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்குல நடுப்புள்ளியோட விட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர். 75 நிமிஷத்துல 60 தடவை சுடணும். இதை மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கணும்னா ஒரு வாரக் கோர்ஸ் எப்படிப் போதும்?

2. கொடைக்கானல்ல இன்னொரு சட்டமும் இருக்கு

இதைத்தான் பலர் கவனிக்கிறதில்லை. 2013-ல கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பரப்பு 600 சதுர கிலோமீட்டருக்கும் மேல. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தோட 34-வது பிரிவு, சரணாலயத்தைச் சுத்தி 10 கிலோமீட்டருக்குள்ள புதுசா துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்கணும்னா தலைமை வன உயிரினக் காப்பாளரோட சம்மதம் முன்கூட்டியே வேணும்னு சொல்லுது. ஏற்கெனவே லைசென்ஸ் வெச்சிருக்கிறவங்களும் அவர்கிட்ட பதிவு செய்யணும்.

அதாவது, சென்னையில ஒருத்தருக்கு இருக்கிற தடைகளுக்கு மேல உங்களுக்கு ஒரு தடை கூடுதல். தோட்டா சுடுற ரேஞ்சுக்குத் தனி அனுமதி வேற. காட்டெருமை கடைவீதியில நடந்து போற ஊர்ல இது நியாயமான சட்டம்தான்.

நல்ல செய்தி என்னன்னா, ஏர் ரைஃபிளுக்கு இந்தச் சிக்கல் குறைவு. 2016 விதிகள்படி .177 அளவு, அதாவது 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்கு மேல போகாத வேகச் சக்தி, இந்த ரெண்டுக்குள்ளயும் இருந்தா லைசென்ஸ் தேவையில்லை. அபினவ் பிந்த்ரா 2008-ல பெய்ஜிங்ல தங்கம் வாங்கினதும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள்லதான். கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் ஆடுறதும் அதேதான்.

ஆனா ஒண்ணு. லைசென்ஸ் வேண்டாம்னா எங்கே வேணும்னாலும் தூக்கிட்டுப் போகலாம்னு அர்த்தம் இல்லை. மிருகத்தைக் காயப்படுத்தக்கூடிய எந்தக் கருவியும் வனச் சட்டத்துல ஆயுதம்தான். பேரிஜம் பக்கம் ஏர் கன்னோட போனா கோச் கனவு கேஸ்ல முடியும்.

3. ரேஞ்ச் கணக்கு: 27 பேர் எங்கே?

இப்போ பணத்துக்கு வருவோம். கீழே இருக்கிறது என் அனுமானம். உங்க நம்பரைப் போட்டு மாத்திக்கோங்க.

தம்பியோட சொந்தச் செலவு மாசம் 32,000. நாலு பேர் நின்னு சுடுற சின்ன ஏர் ரைஃபிள் ரேஞ்சுக்கு முதலீடு 6 லட்சம்னு வைப்போம். போட்டித்தரமான வெளிநாட்டு ஏர் ரைஃபிள் ஒண்ணே 2 லட்சத்தைத் தாண்டும். அதனால இது சிக்கனமான கணக்குதான். மாசச் செலவு:

- வாடகை: 15,000
- உதவியாள்: 12,000
- பெல்லட், கரண்ட், பராமரிப்பு: 8,000
- மொத்தம்: 35,000

இதோட வீட்டுச் செலவு 32,000 சேர்த்தா 67,000. ஒரு மாணவருக்கு மாசம் 2,500 ஃபீஸ்னா, 27 மாணவர்கள் வந்தாதான் கையைக் கடிக்காது. அதுவும் போட்ட 6 லட்சம் திரும்பாம, சேமிப்பே இல்லாம.

"டூரிஸ்ட் வருவாங்களே அண்ணா?" வருவாங்க. ஆனா 2024 மே 7 முதல் ஐகோர்ட் உத்தரவுப்படி கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேணும். 2025 சீசன்ல சாதாரண நாள்ல 4,000 வண்டி, வார இறுதியில 6,000 வண்டின்னு வரம்பும் வந்தது. சீசன் வருமானத்தை போனஸா நினைங்க, சம்பளமா நினைக்காதீங்க. சொந்தமா ஷெட் போடலாம்னாலும், மலைப்பகுதியில கட்டட அனுமதி சமவெளி மாதிரி கிடையாது. அனுமதியில்லாத கட்டடத்துக்கு சீல் விழுந்தா முதலீடு மொத்தமும் உள்ளேயே மாட்டிக்கும்.

4. பி.எஃப். பணத்தைத் தொடாதீங்க

தம்பியோட சர்வீஸ் நாலு வருஷம். அஞ்சு வருஷத் தொடர்ச்சியான சர்வீஸ் முடியறதுக்கு முன்னாடி பி.எஃப்.ஐ முழுசா எடுத்தா அதுக்கு வருமான வரி உண்டு. கனவுக்காகச் சேர்த்த பணம் இல்லை அது. கனவு கவிழ்ந்தா காப்பாத்த இருக்கிற பணம்.

சரி, வழி என்ன?

ரேஞ்சை விக்காதீங்க, திறமையை வித்துடுங்க. கொடைக்கானல் பள்ளிக்கூடங்களுக்குப் பேர்போன ஊர். ஹாஸ்டல் பசங்க நிறைய. இடமும் துப்பாக்கியும் பள்ளியோடது, சொல்லிக் கொடுக்கிறது மட்டும் நீங்கன்னா முதலீடு கிட்டத்தட்ட பூஜ்யம். மூணு பள்ளி, தலைக்கு மாசம் 15,000 பேசினா 45,000. வருஷத்துக்கு ஒரு பள்ளியிலிருந்து 50,000-க்கு மேல வந்தா, கோச் ஃபீஸ்ல 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பாங்க. அதனால கைக்கு 40,500 வரும்னு திட்டம் போடுங்க. வரி அவ்வளவு இல்லைன்னா ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிக்கலாம். சேவைக்கு ஜி.எஸ்.டி. பதிவு வருஷ வருமானம் 20 லட்சத்தைத் தாண்டும்போதுதான்.

ஆனா மூணு பள்ளி நம்பிக் கூப்பிடணும்னா ஸ்கோரும் சான்றிதழும் கையில இருக்கணும். அதுக்கான நேரத்தை உங்க சம்பளமே வாங்கிக் கொடுக்கும். தம்பிக்கு மாசம் 18,000 மிச்சம். அதுல 5,000 கிளப்புக்கும் பெல்லட்டுக்கும். பாக்கி 13,000 எமர்ஜென்சி ஃபண்டுக்கு. சம்பள வேலையில இருக்கிறவங்களுக்கு 6 மாசச் செலவு போதும். கோச்சுக்கு லீவு மாசமும் வரும், அதனால 12 மாசம் வேணும். அது 3,84,000 ரூபாய். மாசம் 13,000 போட்டா ஏறக்குறைய இரண்டரை வருஷம்.

அந்த இரண்டரை வருஷம் வீண் இல்லை. கிளப், மாநிலப் போட்டி, டி லெவல் கோர்ஸ் எல்லாத்தையும் அதுக்குள்ள முயற்சி பண்ணலாம். நடுவுல "இது எனக்குச் சரிவராது"ன்னு தெரிஞ்சாலும் கையில அதுவரைக்கும் சேர்த்த பணமும் வேலையும் இருக்கும். ஸ்வப்னில் குசாலே 2024 பாரிஸ்ல வெண்கலம் வாங்கினப்போ அவர் ரயில்வே ஊழியர். சம்பளம் வாங்கிக்கிட்டே ஒலிம்பிக் மெடல் வாங்க முடியும்னா, கோச் ஆகவும் முடியும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது மூணு:

1. உங்க உண்மையான மாசச் செலவை எழுதுங்க, அதை 12-ஆல பெருக்குங்க.
2. பக்கத்து ரைஃபிள் கிளப்புக்கு ஒரு சனிக்கிழமை போய் நேர்ல பாருங்க. ஆறு மாசம் விடாம போக முடியுதான்னு பார்த்துட்டு அடுத்த செலவைப் பண்ணுங்க.
3. கோச்சா சேரும்போது விபத்து நடந்தா யார் பொறுப்பு, இன்சூரன்ஸ் யார் பேர்லன்னு எழுத்துல வாங்கணும்னு இப்பவே குறிச்சு வைங்க.

துப்பாக்கிச் சுடுதல்ல முதல் பாடமே, மூச்சு நிலைக்கு வர்ற வரைக்கும் டிரிகரைத் தொடாதேங்கிறதுதான். ராஜினாமா லெட்டருக்கும் அதே பாடம்தான்.

அந்தத் தம்பி போன வாரம் மறுபடி மெயில் போட்டிருந்தார். பி.எஃப். ஃபார்மை மூடிட்டாராம். கிளப்ல விசாரிச்சுட்டு வந்திருக்கார். அடுத்த வீடியோவுல இந்த எமர்ஜென்சி ஃபண்டை எங்கே போடலாம்னு பார்ப்போம்.