சேர்வர் இருக்கிறது, கவுண்டர் எழும்பவில்லை

மலையகத்தின் சிறு நகரங்களில் கடை நடத்தும் நம்மவர்களில் சிலர் பில் கவுண்டர்களுக்கு முழுக் கணனி வைப்பதை விட்டுவிட்டார்கள். உள் அறையில் ஒரு சேர்வர் இருக்கும். கவுண்டர்களில் ஹார்ட் டிஸ்க் இல்லாத சிறு பெட்டியும் ஒரு திரையும் மட்டும். சுவிட்சைப் போட்டதும் அந்தப் பெட்டி தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் வயர் வழியாகச் சேர்வரிடமிருந்தே வாங்கி எழும்பும். பில் போடும் மென்பொருளும் ஸ்டொக் கணக்கும் கடன் கணக்கும் சேர்வரில்தான் ஓடுகின்றன. இந்தப் பெட்டிக்கு 'தின் கிளையன்ட்' என்று பெயர்.

இதற்கு ஏன் மாறினார்கள் என்பது வியாபாரிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. கணனி விலையும் கூடவே ஏறியது. பிறகு 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணனிகளை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. அவற்றின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு தின் கிளையன்டாக ஓட்டலாம் என்பது கெட்டிக்காரத்தனமான பதில்தான். மின்சாரமும் மிச்சம். சாதாரண மேசைக் கணனி 60, 70 வாட்ஸ் இழுக்கும் இடத்தில், இதற்கென்றே செய்த சிறு பெட்டி 10, 15 வாட்ஸோடு நின்றுகொள்ளும்.

ஆனால் இந்த முறையில் ஒரு ஆபத்து உண்டு. தனிக் கணனி பழுதானால் ஒரு கவுண்டர் நிற்கும். சேர்வருக்கும் பெட்டிகளுக்கும் இடையில் ஏதாவது கோளாறு என்றால் கடை முழுவதும் நிற்கும்.

இறம்பொடையில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு அண்மையில் இதுதான் நடந்தது. பலசரக்கும் இரும்புச் சாமான்களும் விற்கும் கடை, நான்கு கவுண்டர்கள். தோட்டங்களில் சம்பளம் போட்ட மறுநாள் காலை. முதலாம் கவுண்டர் மட்டும் வழமை போல் எழும்பியது. மற்ற மூன்றிலும் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும். கண்டியில் இருக்கும் கணனித் திருத்துநரைத் தொலைபேசியில் பிடித்தார். அந்த மனிதர் ஆளை நேரில் பார்க்காமலே மருந்து எழுதிவிட்டார். "மூன்று பெட்டியும் கரன்ட் அடித்துப் போயிருக்கும், நாளைக்கு மூன்று புதுப் பெட்டி கொண்டு வருகிறேன்" என்றாராம். விலையும் சொல்லியாயிற்று. முற்பணமும் கேட்டாயிற்று.

அதன் பிறகுதான் எனக்கு அழைப்பு வந்தது. "நானா, திரையில் கடைசி வரியில் என்ன இருக்கிறது, எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள்" என்றேன். "அதெல்லாம் என்னமோ இங்கிலீசில் கிடக்கிறது தம்பி, விளங்குதில்லை" என்றார். விளங்க வேண்டாம், வட்ஸ்அப்பில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்றேன். மூன்று திரையிலும் ஒரே வரி: 'பீ.எக்ஸ்.ஈ - ஈ53'. துவக்கக் கோப்பின் பெயர் கிடைக்கவில்லை என்று அதற்குப் பொருள். மூன்று பெட்டிகள் ஒன்றாகக் கருகிப் போய்விட்டு, ஒன்றாக ஒரே வசனத்தை எழுதிக் காட்டாது.

இங்கே கொஞ்சம் நின்று விளக்க வேண்டும். டிஸ்க் இல்லாத பெட்டி எழும்புவது, ஊருக்குப் புதிதாக வேலைக்கு வந்த பையன் பஸ்ஸால் இறங்கி நின்று சத்தம் போட்டுக் கேட்பதைப் போன்றது. "நான் எங்கே தங்குவது? எனக்கு வேலை கொடுப்பவர் யார்?" அவனுக்கு யாரையும் தெரியாது, ஆகவே எல்லோருக்கும் கேட்கும்படி கத்துகிறான். முகவரி வழங்கும் பொறுப்பில் இருப்பவர் அவனுக்கு ஒரு இலக்கத்தைக் கொடுத்து, "இந்தச் சேர்வரிடம் போ, இந்தப் பெயருள்ள கோப்பைக் கேள்" என்கிறார். முகவரி கொடுக்கும் இந்தச் சேவைக்கு டீ.எச்.சீ.பீ. என்று பெயர். பையன் அங்கே போய்க் கோப்பை வாங்குகிறான். அதை வழங்குவது டீ.எஃப்.டீ.பீ. என்ற எளிய சேவை. பிறகு அந்தக் கோப்பு மீதியை இழுத்து வந்து திரையை எழுப்பும். முழு ஏற்பாட்டுக்கும் பீ.எக்ஸ்.ஈ. என்று பெயர். இன்டெல் நிறுவனம் இதன் 2.1 பதிப்பை 1999இல் வெளியிட்டது. டீ.எஃப்.டீ.பீ. அதைவிடப் பழையது, 1981இலேயே அதற்கு எழுத்து வடிவில் விதி வந்துவிட்டது.

நண்பரின் கடையில் அந்தச் சத்தத்துக்குப் பதில் சொல்ல இரண்டு பேர் இருந்தார்கள். முதல்நாள் மாலை புது இன்டர்நெட் ரவுட்டர் ஒன்றைப் பூட்டியிருந்தார்கள். பூட்ட வந்த பையன், கையடக்கத் தொலைபேசியில் வைஃபை வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, மீதமிருந்த வயரைக் கடையின் சுவிட்சில் சொருகிவிட்டுப் போய்விட்டான். கடைகளில் விற்கும் ரவுட்டர் எல்லாம் அநேகமாக முகவரி வழங்கும் சேவையைத் தானே திறந்துகொண்டுதான் வருகிறது. பெட்டி கத்தியதும் ரவுட்டர் முந்திக்கொண்டு முகவரியைக் கொடுத்துவிடும். ஆனால் எந்தக் கோப்பு என்று அதற்குத் தெரியாது. தங்க இடம் கிடைத்த பையனுக்கு வேலை கிடைக்கவில்லை. அதுதான் ஈ53.

அப்படியென்றால் முதலாம் கவுண்டர் மட்டும் எப்படி எழும்பியது? அது வேறு கம்பனிப் பெட்டி. சில பெட்டிகள் முதலில் வந்த பதிலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். சில, கொஞ்சம் பொறுத்திருந்து கோப்பின் பெயரோடு வரும் பதிலைத் தேர்ந்தெடுக்கும். 'ஒன்று வேலை செய்கிறது, மற்றவை செய்யவில்லை, ஆகவே மற்றவை பழுது' என்ற கணக்கு இதனால்தான் பிழைக்கிறது.

ரவுட்டரிலிருந்து சுவிட்சுக்கு வரும் வயரைக் கழற்றச் சொன்னேன். மூன்று கவுண்டர்களையும் அணைத்துப் போட்டார். எழும்பின. செலவு ஒன்றுமில்லை. அன்று பின்னேரம், கடையில் கூட்டம் குறைந்த பிறகு, ரவுட்டரின் முகவரி வழங்கும் சேவையை மூடிவிட்டு வயரை மீண்டும் சொருகினோம். ரவுட்டரை மூட முடியாத இடங்களில் இன்னொரு வழியும் உண்டு. முகவரியை ரவுட்டரே கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டு, கோப்பின் பெயரை மாத்திரம் சேர்வர் கூடவே சொல்லும்படி அமைக்கலாம். டீ.என்.எஸ்.மாஸ்க் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். இன்டர்நெட் கம்பனிகள் நம்மைக் கேட்காமல் ரவுட்டர் மாற்றும் இந்தக் காலத்தில், எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வழிதான்.

திரையில் வரும் மற்ற இலக்கங்களையும் இதே போல் படிக்கலாம். ஈ61 என்றால் வயரில் உயிர் இல்லை. பிளக் கழன்றிருக்கும், எலி கடித்திருக்கும், அல்லது சுவிட்ச் அணைந்திருக்கும். எங்கள் பக்கத்து மூடுபனியில் பிளக்கின் செம்பு முனை பச்சை பிடிப்பதும் உண்டு, கழற்றிப் பார்த்தால் தெரியும். ஈ51 என்றால் வயர் சரி, ஆனால் கத்தியதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. சேர்வர் எழும்பவில்லை அல்லது அதன் முகவரிச் சேவை நின்றுவிட்டது. ஈ32 என்றால் பெயர் கிடைத்தது, கோப்பைக் கேட்டபோது சேர்வர் மௌனம். பெரும்பாலும் சேர்வரில் யாரோ புதிதாகப் போட்ட பாதுகாப்புச் சுவர்தான் அதைத் தடுத்திருக்கும். டீ01 என்றால் அந்தப் பெயரில் கோப்பே இல்லை. இந்த ஐந்தையும் கடந்து நிறமுள்ள திரை வந்த பிறகு நின்றால் அது வேறு கதை, அதற்குச் சேர்வரைத் தெரிந்தவர்தான் வேண்டும்.

எல்லாக் கவுண்டரிலும் ஒன்றாக ஈ51 வந்தால் முதலில் மின்சாரத்தை நினையுங்கள். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் இருட்டில் இருந்த காலம் போய்விட்டது, ஆனாலும் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடே இருண்டதை மறந்திருக்க மாட்டோம். மின்சாரம் திரும்பி வரும்போது சிறு பெட்டி சில செக்கன்களில் எழும்பி நின்று கத்தத் தொடங்கிவிடும். சேர்வருக்கு இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். பெட்டி கத்திக் களைத்து ஈ51 போட்டுவிட்டு நின்றுவிடும். யாரும் பழுதில்லை, நேரம்தான் பிழை. சேர்வர் முழுதாக எழும்பிய பிறகு கவுண்டர்களைப் போட்டால் போதும். சேர்வரையும் நெட்வேர்க் சுவிட்சையும் யு.பி.எஸ்.சில் மாட்டுவது அவசியம். சேர்வரை மட்டும் மாட்டி சுவிட்சை மறந்த கடைகளை நான் பார்த்திருக்கிறேன்.

விலை கூடிய, அமைப்புகளை மாற்றக்கூடிய நெட்வேர்க் சுவிட்ச் வாங்கியவர்களுக்கு இன்னொரு தலையிடி. அது ஒவ்வொரு வயரையும் வட்டமடிக்கிறதா என்று சோதித்து, சுமார் 30 செக்கன் கழித்தே தகவலை விடும். அதற்குள் பெட்டி பொறுமை இழந்துவிடலாம். கவுண்டர் வயர்களுக்கு அந்தச் சோதனையைத் தவிர்க்கும் அமைப்பு உண்டு, பூட்டுபவரிடம் கேட்டுச் செய்வியுங்கள்.

பழைய பெட்டிகளோடு அண்மைக்கால மொடல் ஒன்றைச் சேர்க்கும்போதும் கவனம் தேவை. பழைய பெட்டிகள் 'பயோஸ்' முறையில் எழும்புபவை, புதியவை 'யூ.ஈ.எஃப்.ஐ.' முறையில். இரண்டுக்கும் துவக்கக் கோப்பு வேறு. பெட்டி தன் இனத்தைக் கேள்வியிலேயே சொல்கிறது, அதைக் கவனித்துக் கோப்பைக் கொடுக்கச் சேர்வருக்குச் சொல்லித்தர வேண்டும். புதியவற்றில் 'செக்கியூர் பூட்' என்ற பூட்டு வேறு இருக்கும். புதுப் பெட்டி எழும்பவில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகுமுன் இந்த இரண்டையும் பாருங்கள்.

இது பெரிய கம்பனிகளுக்கான வேலை, நமக்கேன் என்று சிலர் நினைக்கலாம். இந்த முறையைப் பரவலாக்கிய இலவசத் திட்டம் எல்.டீ.எஸ்.பீ., லினக்ஸ் டேர்மினல் சேர்வர் புரொஜெக்ட். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜிம் மெக்குயிலன் என்பவர் 1999இல் தொடங்கியது. ஒரு வாடிக்கையாளரின் வியாபாரத்துக்காகச் செய்த வேலையிலிருந்துதான் அது வளர்ந்தது. 2019இல் அது புதிதாகவே எழுதப்பட்டு இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒன்றை வைத்துப் பலர் பயன்பெறுவது எங்கள் பக்கத்துக்கும் புதிதல்ல. இறம்பொடைக்குக் கீழே கொத்மலையில், 1989இல் தொடங்கிய சமூக வானொலி, அதே 1990களின் இறுதியில் யுனெஸ்கோ உதவியோடு ஒரு இன்டர்நெட் இணைப்பை எடுத்து, நேயர்கள் கேட்டதைத் தேடி வானொலியில் சொல்லிக்கொடுத்தது. கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களுக்கும் அந்த இணைப்பு போனது.

என் அபிப்பிராயத்தில் ஒரு கவுண்டரோ இரண்டு கவுண்டரோ உள்ள கடைக்கு இது வேண்டாம், சாதாரணக் கணனியே நல்லது. நான்கும் அதற்கு மேலும் என்றால் இலாபம். ஆனால் பூட்டுவதற்குப் பணம் கொடுக்குமுன் சிலவற்றை எழுத்தில் வாங்குங்கள். சேர்வரின் கடவுச்சொல் முதலாளியின் கையில் இருக்க வேண்டும். திருத்துநரின் தலைக்குள் மட்டும் இருக்கக் கூடாது. இதைக் கேட்டால் முகம் சுளிப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். அமைப்புகளின் பிரதி ஒன்றும் சேர்வரின் முழுப் பிரதி ஒன்றும் வெளியே எடுத்து வைக்கும் டிஸ்க்கில் இருக்கட்டும். உதவிக்கு ஹார்ட் டிஸ்க்கோடு கூடிய பழைய கணனி ஒன்று மூலையில் கிடந்தால், சேர்வரே போனாலும் ஒரு கவுண்டராவது ஓடும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையக வீதிகள் பல மண்சரிவால் துண்டிக்கப்பட்டன. அப்படி ஒரு நாளில் கண்டியிலிருந்து எந்தத் திருத்துநரும் ஏறி வர முடியாது. இறம்பொடை நண்பர் இப்போது ஐந்து இலக்கங்களையும், அவற்றுக்கு நேரே என்ன பார்க்க வேண்டும் என்பதையும் பெரிய எழுத்தில் எழுதி, கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறார். பக்கத்தில் கார்பன் வைத்த பில் கொப்பி ஒன்றும் தொங்குகிறது.