மாசிமகக் கடல்: ஏற்றமும் வற்றமும்

மாசிமகத்தன்று பல ஊர்க் கோயில்களின் உற்சவமூர்த்திகள் தீர்த்தவாரிக்காகப் புதுச்சேரியின் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வருகிறார்கள். அது பௌர்ணமியை ஒட்டிய நாள். சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் கடல் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஏறும், கூடுதலாக வற்றும்.

ஆனாலும் இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். குஜராத்தின் பாவ்நகரில் அது சுமார் 10 மீட்டர். இங்கே ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம்.

நீர்மட்டத்தை மாற்றுவது நிலவு மட்டுமல்ல. வங்கக்கடல் இந்தக் கரையோரம் பங்குனி வாக்கில் தாழ்ந்தும், ஐப்பசி, கார்த்திகையில் உயர்ந்தும் நிற்கும். புயற்காற்று அதன்மேல் இன்னும் நீரைத் தள்ளும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலில் தாழ்வான கரையோரங்களில் கடல்நீர் புகுந்தது. ஏற்றவற்றம் சில சென்டிமீட்டரே உள்ள பால்டிக் கடலோரத்திலும் காற்று இதைச் செய்யும்: 1824 நவம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நீர் 4 மீட்டருக்கு மேல் உயர்ந்தது.

வைத்திக்குப்பம் கரையில் குவித்திருக்கும் கருங்கற்களைப் பாருங்கள். 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுக அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கே தடைபட்டது. வடபுறக் கரைகள் அரிக்கப்பட்டன. அதைத் தடுக்கவே இந்தக் கற்கள். வற்றத்தின்போது வந்தால் அவற்றின் அடியில் பாசி படிந்த பகுதி வெளியே தெரியும்.